நாய்க்குக் கட்டிய தாயத்து

நாயை விமானத்தில் ஏற்றி அனுப்புவது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று சொன்னவர் என் கணவர். சொன்ன கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். அந்தப் பெரிய காரியமில்லாத காரியத்தைச் செய்ய, சிங்கப்பூரில் எங்கள் மார்சிலிங் வீட்டில் நான் இருந்தேன்.

அவருடைய நிறுவனம் சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பூங்கா கட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் அங்கேயே தங்கி மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். இவர் உடனே கையைத் தூக்கிவிட்டார். வீட்டு வாடகை, கார், டிரைவர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் பாலர் பள்ளி வேலைக்கு ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மார்சிலிங் வீட்டை வாடகைக்கு எடுக்க ஒரு சீனக் குடும்பம் முன்பணம் கொடுத்து, குடிவரும் தேதியையும் சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது நாய்.

எனக்கு நாய்கள் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்த நாயைப் பிடிக்கும், அவ்வளவுதான். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். இங்கே இந்த மாதிரி நாயை ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று கௌரவமாகச் சொல்வார்கள். தெருநாய் என்று அர்த்தம். காப்பகத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்தபோது மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவே மறுத்தது. பிறகு என் காலடியைவிட்டு நகர மறுத்தது. ஆனால் அதன் எச்சில், சோபாவில் ஒட்டும் முடி, மழையில் நனைந்து வந்தால் வீடு முழுக்க அடிக்கும் வாடை எதுவும் எனக்கு ஆகாது. என் சுபாவம் அப்படி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் கை கழுவ இடம் தேடுகிறவள் நான். நாய் நக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி அதன் தலையைத் தடவுவேன். அது மறுபடி நக்கும். நாங்கள் இருவரும் இப்படித்தான் காலம் தள்ளினோம்.

நாயை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே நான் இடம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஒருவர் விட்டுப் போன நாய் அது. அதை இன்னொரு முறை ஒருவர் விட்டுப் போகக் கூடாது.

இதில் என்னை எதிர்த்தது என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன், படிக்கிறேன் என்று கனடா போனவன், அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அங்கேயே மனைவி என்று தங்கிவிட்டான். இங்கே அக்காவுக்கு என்று மிச்சம் இருந்தது தம்பி ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால்தான் அவருக்கு அந்த வாரம் முடியும்.

அக்காவுக்கு நாய் என்றாலே ஆகாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நுழைவார். நாய் படுத்திருந்த பக்கம் உட்கார மாட்டார். திரும்பிப் போனதும் முதல் வேலையாகத் தலைக்குக் குளிப்பார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர், நாங்கள் சென்னை போகும் செய்தியைக் கேட்டதும், நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றாரே பார்க்கலாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்குப் போகிறவர்கள் நாயைக் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது, மனைவி வேலைக்கு லீவு போட்டாகிவிட்டது, நாயும் போய்விட்டால் அப்புறம் இங்கே திரும்பி வர என்ன இருக்கிறது என்று கேட்டார். நாயாவது இங்கே இருந்தால் நான் வருவேன், என் பின்னால் அவர் தம்பி வருவார். இதை அவர் ஒளிக்காமல் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிணையாகத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. குளிப்பாட்டக்கூட மனம் வராத ஒரு ஜீவனைக் கதவுக்குப் பின்னால் ஒரு வருஷம் கட்டிவைத்திருப்பாராம்.

என் கணவர் அப்போது ஒரு விஷயத்தை அழகாக எடுத்துச் சொன்னார். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தியாவுக்குப் போக நாய்க்கு மைக்ரோசிப்பும் வெறிநாய்க்கடி ஊசியும் உடல்நலச் சான்றிதழும் போதும். ஆனால் அங்கிருந்து சிங்கப்பூர் திரும்பும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், வந்ததும் குவாரன்டீனில் வைப்பார்கள். அதனால் திரும்பும்போது சிரமம் குறையட்டும் என்று டாக்டர் இப்போதே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். “நாய்க்கு இப்பவே ரத்தம் எடுக்கிறோம்க்கா. அது எதுக்கு? திரும்பி வர்றதுக்குத்தான். வராதவன் யாராச்சும் இதுக்கெல்லாம் காசு கொட்டுவானா?” என்றார். அக்கா கொஞ்சம் சமாதானமான மாதிரி இருந்தது. எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

கணவர் சென்னைக்குப் போனதும் என் பாடு ஆரம்பமானது. நாய்களை வெளிநாடு அனுப்பிவைக்கும் ஏஜெண்டு ஒருவரைப் பிடித்தேன். அவர் கடைசிவரை என் நாயைச் ‘சரக்கு’ என்றே சொன்னார். சரக்கின் எடை என்ன, சரக்கு நிற்கும்போது காது நுனிவரை உயரம் என்ன என்று கேட்பார். சரக்கு சோபாவில் படுத்திருக்கிறது, எழுந்ததும் அளந்து சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது நகைச்சுவையாகவே படவில்லை.

விமானத்தில் போகும் கூண்டு வந்து இறங்கியது. புறப்படுவதற்குள் நாய் அதில் படுத்துப் பழக வேண்டும். வரவேற்பறை நடுவில் அதை வைத்து, உள்ளே என் பழைய நைட்டியைப் போட்டு, கோழித்துண்டைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டேன். முதல் நாள் கோழியை மட்டும் இழுத்துத் தின்றுவிட்டு ஓடியது. அடுத்த நாள் உள்ளே போய் நைட்டியின்மேல் மூத்திரம் போனது. அதற்கடுத்த நாள் வாந்தி. கூண்டின் மூலைகளில் பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக் கழுவினேன். டெட்டாலும் நாயுமாகக் கலந்த அந்த நாற்றம் என் தலைமுடியிலேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. கணவர் வீடியோவில் வந்து, பழகிவிட்டதா என்று கேட்டார். அவர் பின்னால் டிரைவர் யாரோ இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நாய் கூண்டில் தூங்கப் பழகிய வாரம் அக்கா ஒரு மதியம் சொல்லாமல் வந்து நின்றார். புறப்படும் முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். பாகற்காய் வற்றலும் கொண்டுவந்திருந்தார். எனக்கு அன்று வீட்டு ஏஜெண்டைப் பார்க்க எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம்தான். மேலே வந்தபோது அக்கா குளியலறையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நாய் கூண்டுக்குள் இருந்தது. கதவைக்கூட நீங்கள் சாத்தினீர்களா என்று ஆச்சரியமாகக் கேட்டேன். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நாய் செருமிக்கொண்டே இருந்தது. கூண்டைத் திறந்து பார்த்தால் நைட்டிமேல் மென்று துப்பிய கறுப்பு நூல் ஒரு துண்டு. என்னிடம் கறுப்பு நூலே கிடையாது. அக்காவுக்குப் போன் போட்டேன்.  நாயின் கழுத்துப்பட்டைக்குக் கீழே தாயத்து கட்டியதாகச் சொன்னார். மந்திரித்த தாயத்து, செம்புக் குப்பி, கெட்டியாகத்தான் முடிச்சுப் போட்டேன் என்றார். நாயைத் தொட்டுக் கட்டினீர்களா என்று கேட்டேன். இரண்டு கையிலும் சந்தைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கட்டினாராம்.

நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை. நாத்தனாரிடம் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன்.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். சின்னப் பெண், சீனத்தி, நாய்களிடம் மட்டும் கொஞ்சிப் பேசுவாள். வயிற்றில் வெள்ளையாகக் குப்பி பளிச்சென்று தெரிந்தது. குப்பியைவிட நூல்தான் ஆபத்து என்றாள். நூல் குடலில் சுருண்டு இழுத்தால் அறுவைச் சிகிச்சைதான். ஓரளவு நகர்ந்து வருகிற மாதிரி தெரிவதால், தானாக வருகிறதா என்று சில நாள் பார்க்கலாம். ஆனால் அது வெளியே வருகிறவரை விமானத்தில் போகத் தகுதி என்று கையெழுத்துப் போட முடியாது. வெளியே வந்தது என்று நீ எப்படி உறுதி செய்வாய் என்று கேட்டாள்.  அவள் ஒரு பெட்டி கையுறையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

கணவரிடம் சொன்னேன். அவர் அங்கே ராத்திரிச் சாப்பாட்டில் இருந்தார், கையில் பிரியாணி. அக்கா ஏதோ பாசத்தில் செய்துவிட்டாள், பெரிதுபடுத்தாதே என்றார். சான்றிதழ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். டிக்கெட்டை மாற்றினால் எக்கச்சக்கமாகப் பணம் போகும், வீட்டுக்கு ஆள் குடிவந்துவிடுவார்கள், நீ எங்கே தங்குவாய் என்று அவரே வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் சொன்னார், “முடியலேன்னா நாய யாருகிட்டயாவது குடுத்துட்டு நீ வந்துடு லா. நாய்தானே.” சொல்லிவிட்டு எலும்பைத் தட்டில் வைத்தார். 

ஆக, குப்பி வெளியே வந்தால் நாய் என்னோடு வரும். வராவிட்டால் யாரோ ஒருவர் வீட்டு மேசைக்கு அடியில் மறுபடியும் போய்ப் பதுங்கும். நான் பூசணிக்காயை வேகவைத்து மசித்துச் சோற்றில் பிசைந்து நாய்க்கு ஊட்டினேன். அதற்குப் பூசணி பிடிக்காது. எனக்கும்தான்.

காலையில் வெளிச்சம் வந்ததும் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்கு அதைக் கூட்டிப்போவேன். கையுறை, பை, சாப்பாட்டுக் கடையில் கொடுக்கும் மரச் சாப்ஸ்டிக். குந்தி உட்கார்ந்து கிளறினேன். சூடு ஆறாமல் ஆவி பறக்கும். பூசணிநாரும் நாய்முடியுமாக இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துவிட்டு எழுந்து, தூரப் போய் நின்று மூச்சு விட்டுவிட்டு மறுபடி வந்து உட்காருவேன். தைச்சி உடற்பயிற்சி செய்ய வந்த சீனக் கிழவிகள் முதல் நாள் என்னை உற்றுப் பார்த்தார்கள், அடுத்த நாள் தள்ளிப்போய்ச் செய்தார்கள். அதற்கப்புறம் பல மாதம் நான் சாப்ஸ்டிக் பிடித்து மீ நூடுல்ஸ் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அக்கா வந்து நின்றார். தேக்காவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு கட்டு பழைய செய்தித்தாள்.  மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. செய்தித்தாளை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். சாமி படம் இருந்த தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மற்றதைப் புல்லில் விரித்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்று வராத பக்கமாக நின்றார்.

நாய் தாளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, தாளுக்கு வெளியே போய் உட்கார்ந்தது. அக்கா அதைத் திட்டினார். அவர் நாயோடு நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றும் குப்பி வரவில்லை. மறுநாளும் அக்கா வந்தார். அதற்கு அடுத்த நாள் அவரே ஒரு சாப்ஸ்டிக் கொண்டுவந்தார், வீட்டுப் பூஜையறையில் தீபத் திரி தூண்டுவதற்கு வைத்திருந்ததாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். எதிரெதிரே குந்தி உட்கார்ந்து இரண்டு பேரும் நாய்ப் பீயைக் கிளறிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு ஓங்கரித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் எழுந்து போகவில்லை. எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“ஏன்க்கா இந்த வேலை? கட்டணும்னா உங்க தம்பி கையில கட்ட வேண்டியதுதானே?”

“கட்டத்தான் போனேன். ஏர்போர்ட்ல பீப் அடிக்கும் லான்னு சிரிச்சுட்டுப் போயிட்டான்.” குச்சியால் ஒரு கட்டியைப் பிளந்தார். “இது என் பிள்ளைக்குன்னு வாங்கினது. அவன் கனடா போறப்ப சாங்கி ஏர்போர்ட்ல வச்சுக் கட்டிவிட்டேன். உள்ள போறதுக்கு முன்னாடி அவிழ்த்து என் கையிலயே குடுத்துட்டுப் போனான். மனுஷங்க கழட்டிடுவாங்கம்மா. நாய் கழட்டாதுன்னு நெனச்சேன்.”

“கழட்டாது. தின்னுடும்,” என்றேன்.

அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. நாய் திரும்பி வந்தால் நீ வருவாய், நீ வந்தால் அவன் வந்துதானே ஆக வேண்டும் என்றார். இதைச் சொல்லும்போதும் கிளறிக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அவர் பயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன அவர் தம்பிமேல் அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வந்தது. மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கா கையை நீட்டியபோது கையைக் கொடுப்பதற்கு நம்பிக்கையா வேண்டும்?

குப்பி வந்தது, டாக்டர் சொன்ன கெடு முடிவதற்கு முன்பே. நூலும் அதில் சுற்றிக்கொண்டே வந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா நான் தடுப்பதற்குள் அதை எடுத்துப் பையில் போட்டு, துப்புரவுக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குப்பையில் போடுங்கள் என்றேன். மந்திரித்ததைக் குப்பையில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்றார். கடைசியில் இரண்டு பேரும் நாயையும் இழுத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் கடலோரம்வரை நடந்தோம். எதிரே மலேசியாவின் ஜோகூர் தெரிந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு அக்கா அதைத் தண்ணீரில் எறிந்தார். கும்பிட்டார். நான் கிருமிநாசினியைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். சரக்கு சென்னை போய்ச் சேர்ந்தது.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. ஊரில் ஒரு குறையும் இல்லை. குறை என் வீட்டுக்குள் இருந்தது. மார்சிலிங்கில் பாத்திரம் கழுவி, குப்பை கொட்டி, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போன மனிதர் அங்கே ‘சிங்கப்பூர் சார்’ ஆகிவிட்டார். கார்க் கதவைத் திறக்க ஒரு ஆள், பையைத் தூக்க ஒரு ஆள். சில மாதத்தில் தண்ணீர் டம்ளரைக்கூட அவர் கையை நீட்டி எடுக்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். நாயை நடத்திக் கூட்டிப்போக வாட்ச்மேனிடம் சொன்னார். நாய் வாட்ச்மேனோடு போகாமல் தரையோடு படுத்துக்கொண்டது. எனக்கு அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அங்கேயும் நாய்க்கு ஊசி, ரத்தம், அனுமதி, மறுபடி கூண்டு என்று எல்லாம் நடந்தது. திரும்பும் நாள் நெருங்கியபோது, கணவர் தனக்கு இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று சாவகாசமாகச் சொன்னார். கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உனக்கு இஷ்டமிருந்தால் நீயும் இரு என்றார். நான் இருக்கவில்லை. என் வேலை இங்கே சிங்கப்பூரில், என் வீடு இங்கே. எங்களுக்குள் நடந்த சண்டை எங்களோடு போகட்டும். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சொல்கிறேன் என்றார்.

சொன்னது என்ன தெரியுமா? நாயை முதலில் அனுப்புகிறேன், அது குவாரன்டீன் முடிந்து வெளியே வருகிற அன்று நானும் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். நான் சாங்கியில் இறங்கிய அன்றே அக்கா இதைப் பெருமையாக எனக்குச் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டியவர் என் கணவர்தான் என்று நான் பேச்சை மாற்றினேன். ராத்திரியே அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நேரம் பார்க்கிறாராம்.

குவாரன்டீன் நிலையத்தில் நாயைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்காவும் கிளம்பிவிடுவார். கிருமிநாசினியும் பயந்த நாய்களின் கழிவுமாக அந்த இடமே நெடியடிக்கும். ஓயாத குரைப்பு. எங்கள் நாய் இளைத்து, பின்னங்கால் தொடையெல்லாம் கழிந்து ஒட்டிப்போய் இருந்தது. அக்கா அதனிடம், நன்றாகச் சாப்பிடு, சீக்கிரம் தேறு, நீ வெளியே வந்தால்தான் அவன் வருவான் என்று சொல்வார். கம்பிக்கு வெளியே நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனையோ நாற்றத்தைச் சகித்திருக்கிறேன். அந்த ஒன்றைச் சகிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கணவரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும், சொல்லிவிடுகிறேன் என்றார். கடைசிக் கடைசியில் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நாய் வெளியே வரும் நாளும் வந்தது. நாய்களை ஏற்றும் வேன் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தேன். அக்கா காலையிலேயே பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து ஏறினார். தம்பி எத்தனை மணி விமானம் என்று போனில் சரியாகச் சொல்லவில்லை, நேராகத் தேக்காவுக்குத்தான் வருவான் போல என்றார். நாயை வெளியே கொண்டுவந்தார்கள். அது வேனுக்குள் தாவி ஏறி எங்கள் இருவர் மேலும் மாறி மாறி விழுந்தது. அதன் நாற்றம் வேனை நிறைத்தது. அக்காவின் பட்டுச்சேலை முழுக்க எச்சில். அவர் கவனிக்கவே இல்லை. ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அக்காவின் போனை வாங்கி அதிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டேன். அக்கா நம்பர் என்றதும் எடுத்தார். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, “உங்க அக்கா என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. எப்ப வருவீங்கன்னு நீங்களே சொல்லுங்க,” என்று போனை அக்கா கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் யாரோ சிமெண்டு மூட்டையைப் பற்றிப் பேசும் சத்தம்தான் கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார். வேலை முடியவில்லை, மேலிடத்தில் விட மாட்டேன் என்கிறார்கள், என் கையில் ஒன்றும் இல்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மூன்று வருஷம் என்பதை ஒரு வழியாகச் சொன்னார், அதையும் இரண்டு, மூன்று என்று சொன்னார். நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். சென்னை நாலு மணி நேரம்தானாம்.

அக்கா கடைசிவரை குறுக்கே பேசவில்லை. தம்பி பேசி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார், இன்னும் ஏதாவது சொல்வார் என்பது போல.

“சரிப்பா,” என்றார். “சாப்டியா?”

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அக்கா போனைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கூடச் சேர்ந்து அந்த ஆளைத் திட்டியிருப்பேன். வேன் புக்கிட் தீமாவைத் தாண்டியது. நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்து, தலையை அக்கா மடியில் வைத்திருந்தது.

“அவனுக்குன்னு காலைலயே சந்தையில பெரிய வாவல் மீனா பாத்து வாங்கி வச்சேன்,” என்றார் அக்கா. “முள்ளெடுத்துக் குடுத்தா நாய் திங்குமா?”

“திங்கும்க்கா,” என்றேன்.